ஜமீரின் பக்கம்

மெத்தைக் கடையாக இருந்த கட்டடம் இது.
பெயர்ப்பலகை தொங்கிய கம்பத்தில் இப்போது சிலுவை.
ஜெபத்தில் யாராவது தூங்கி விழுந்தால்
"கடையின் பழைய ராசி போகவில்லை" என்பார் பாஸ்டர் ஒக்காசியோ.
பிலடெல்பியா, கென்சிங்டன் அவென்யூ.
தலைக்கு மேலே ரயில் போகும்போதெல்லாம்
அல்ஜீப்ராவும் கர்த்தருடைய ஜெபமும்
அரை நிமிடம் நின்று தொடரும்.

எனக்குக் கட்டணக் கவுண்டர்.
யாரித்சாவின் அம்மாவுக்குச் சலவைக்கடையில் வேலை;
மாதம் நாற்பது டாலரையும்
கால் டாலர் நாணயமாகவே கொண்டுவருவாள்,
நூற்றறுபது காசு, சோப்பு மணக்கும்.
எண்ணி முடியும்வரை கையைப் பிசைந்துகொண்டு நிற்பாள்.
ஒன்று குறைந்தால் நான் சொல்வதில்லை.
ஒருமுறை ஒன்று கூடியிருந்தது. அதையும் சொல்லவில்லை.
குறைந்த மாதங்கள் இருந்தனவே.

செவ்வாய்க்கிழமை ஜமீரின் வகுப்புக்குப் பாடம் கிடையாது.
ஒன்பது பேர் வேனில் ஏறி நகரின் நடுவுக்குப் போவார்கள்,
பேங்க், ஆஸ்பத்திரி, வக்கீல் ஆபீஸ் என்று வேலைக்கு.
சம்பளம் அவர்கள் கைக்கு வராது,
பள்ளிக்கு வந்து கட்டணத்தில் கழியும்.
என் இழுப்பறையில் பதினொரு டை.
முடிச்சுப் போடத் தெரியாத பையன்களுக்கு
என் கழுத்திலேயே கட்டி, தளர்த்தி, கழற்றிக் கொடுப்பேன்.

பிப்ரவரியில் ஒரு சாயங்காலம்
டையைத் திருப்பிக் கொடுக்க வந்த ஜமீர் போகவில்லை.
"மிஸ் ஜெபராணி, நான் எவ்வளவு?"
விளங்கவில்லை எனக்கு.
"எனக்கு ஒரு வருஷத்துக்கு எவ்வளவு ஆகுது?"

காட்டக்கூடாது என்று விதியில்லை. இதுவரை யாரும் கேட்டதில்லை.
திரையைத் திருப்பினேன்.
மொத்தம் பதினாறாயிரம்.
அம்மா நானூற்றெண்பது.
நன்கொடை ஏழாயிரத்து முந்நூற்றிருபது.
வக்கீல் ஆபீஸ், செவ்வாய்க்கிழமைகள்: எட்டாயிரத்து இருநூறு.

கடைசி வரியில் விரலை வைத்தான்.
நகக்கண்ணில் ஜெராக்ஸ் மெஷின் மை.
"இது நான்தானே?"
"நீதான்."
"அப்போ பாதிக்கு மேலே நான்."
மேலே ரயில் போனது.
அது போகிறவரைக்கும்
நான் பேசத் தேவையிருக்கவில்லை.

தானம் கொடுத்த மாட்டைப்
பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று வளர்க்கப்பட்டவள் நான்.
மிஷன் ஹாஸ்டலில் என் வாளியின் மேல்
பச்சைப் பெயிண்டில் யாரோ ஒரு டென்மார்க்கு அம்மாளின் பெயர்.
நாலு வருஷம்
அவள் பெயராலே குளித்தேன்.

ஏப்ரலில் நன்கொடையாளர் விருந்து.
மேஜைக்கு ஒரு பிள்ளையின் படம்,
அடியில் 'நீங்கள் தந்த எதிர்காலம்'.
அதை அச்சுக்கு அனுப்பியதும் நான்தான்.
ஜமீர் மைக் முன்னால் வந்தான்,
நாங்கள் எழுதிக் கொடுத்த நன்றியை
நாலாக மடித்துப் பையில் வைத்தான்.
"ஏழாயிரத்து முந்நூற்றிருபது டாலருக்கு நன்றி.
மிச்சத்தை நானும் அம்மாவும் பார்த்துக்கொண்டோம்."

முள்கரண்டிகள் நின்றன.
பாஸ்டர் தண்ணீர் குடித்தார், டம்ளர் காலியான பிறகும்.
மூன்றாம் மேஜையில் குழாய்க் கம்பெனிக் கிழவர்,
செக்கை எப்போதும் இரண்டு மாதம் தாமதமாக அனுப்புகிறவர்,
தனியாகக் கைதட்டினார்.

மே மாதம் இரண்டு செக் வரவில்லை.
ஒன்று இரட்டிப்பாக வந்தது.
கூட்டிக் கழித்தால் நானூறு டாலர் நஷ்டம்.
பேரேட்டில் அதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று
இன்னும் தெரியவில்லை.

அடுத்த செவ்வாய் அவனே டை கட்டினான்.
வால் பக்கம் நீளமாகத் தொங்கியது.
கையை நீட்டியவள் மடக்கிக்கொண்டேன்.
வெளியே வேன் ஹாரன் அடித்தது.
"ஓடுடா," என்றேன் தமிழிலேயே,
பிறகு அவன் மொழியில்:
"லேட்டானால் உன் காசுதான் போகும்."